பெங்களூரில் அம்மாவுக்கு எந்தத் திருவிழாவைக் காட்டுவது?

கேள்வி கேட்ட தம்பி கும்பகோணத்துக்காரர். வைட்ஃபீல்டில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறார். ஊரிலிருந்து அம்மா வந்து சில மாதம் தங்கப்போகிறார். “அம்மா மகாமகம் பார்த்தவர், தேரும் தெப்பமுமாகவே வளர்ந்தவர். இந்த ஊரில் கண்ணாடிக் கட்டடத்தையும் போக்குவரத்து நெரிசலையும் தவிர வேறு என்ன இருக்கிறது? தமிழர்களுக்கும் இடமுள்ள திருவிழா ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் இதே பெங்களூரின் அல்சூரில் பிறந்து, அல்சூரிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அங்கேயே ஓய்வு பெற்றவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக் கட்டட வேலைக்கு வந்த கொத்தனாரின் பேத்தி. வைட்ஃபீல்டிலிருந்து பார்த்தால் ஊர் உங்களுக்கு அப்படித்தான் தெரியும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நீங்கள் இருக்கும் பக்கம் இப்படி அடுக்குமாடி ஊராகி ஒரு தலைமுறைதான் ஆகிறது. இருபது கிலோமீட்டர் மேற்கே வாருங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பெங்களூர் இரண்டு ஊர்கள் சேர்ந்த ஊர். ஒன்று, 1537-இல் கெம்பேகௌடர் கட்டிய பேட்டை: சிக்பேட்டை, பளேபேட்டை, காட்டன்பேட்டை என்று இன்றும் மூச்சுமுட்டும் சந்துகள். இன்னொன்று, 1809-இல் வெள்ளைக்காரர்கள் தங்கள் பட்டாளத்துக்காகப் போட்ட கன்டோன்மென்ட். கன்னடத்திலும் எங்கள் தமிழிலும் அதற்குத் ‘தண்டு’ என்று பெயர். நடுவில் கப்பன் பூங்கா. இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-இல்தான். ஆட்சி ஒன்றானதே தவிர, திருவிழாக்கள் இன்னும் பேட்டைத் திருவிழா, தண்டுத் திருவிழா என்று தனித்தனி வீதிகளில்தான் நடக்கின்றன. தண்டுப் பக்கம் தமிழர்கள் பக்கம், பேட்டை கன்னடர் பக்கம் என்று புதிதாக வருபவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்ட “தமிழர்களுக்கும் இடமுள்ள” என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் பேட்டையின் மிகப் பெரிய திருவிழாவைத் தலையில் சுமப்பவர்களே தமிழ்நாட்டு வேர் கொண்டவர்கள்தான்.

அதுதான் கரகம். கன்னடத்தில் கரகா.

திகளர்பேட்டையில் தர்மராயசுவாமி கோயில் என்று ஒன்று இருக்கிறது. தருமருக்கும் திரௌபதிக்கும் கோயில். அதை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தார். தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்வார்கள். பழைய கன்னடத்தில் ‘திகுளர்’ என்றாலே தமிழர் என்றுதான் பொருள். வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு. தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். ஊருக்குப் பூவும் கீரையும் காய்கறியும் விளைவித்தவர்கள். லால்பாகைப் பண்படுத்த ஹைதர் அலி இவர்களை அழைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

கதை இப்படிப் போகிறது. பாரதப் போரெல்லாம் முடிந்து பாண்டவர்கள் மேலுலகம் போகும் வழியில் திரௌபதி பின்தங்கிவிடுகிறாள். அங்கே திமிராசுரன் என்ற அரக்கன் எதிர்ப்படுகிறான். அவள் ஆதிசக்தியாக நின்று, தன் உடலிலிருந்தே வீரகுமாரர்களைப் படைத்து, அவனை அழிக்கிறாள். போர் முடிந்ததும் வீரகுமாரர்கள் அவளைப் போகவிட மறுக்கிறார்கள். “வருடத்துக்கு ஒருமுறை உங்களிடம் வருவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த வருகைதான் கரகம்.

உங்கள் அம்மாவுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை திரௌபதி அம்மன் கோயில்கள், எத்தனை தீமிதி! செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியை அந்த அம்மனின் மூல இடமாகச் சொல்வார்கள். அங்கே வாசலில் காவல் நிற்கும் போத்துராஜா இங்கேயும் நிற்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. நம் பக்கம் பாரதம் படித்து, கூத்துக் கட்டி, படுகளம் போட்டு, நெருப்பு மிதித்து முடிப்பார்கள். இங்கே எல்லாம் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த மனிதர் பூசாரி. ஆண். விழா நாட்களில் திரௌபதியாகவே வாழ்கிறார். சேலை, வளையல், தாலி, தலையில் மல்லிகையால் கூம்பாகக் கட்டிய கரகம். கைகளால் அதைத் தொடக் கூடாது. ஒரு கையில் குறுவாள், மறு கையில் கோல். கரகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியில் சொல்வதில்லை. சுற்றிலும் வெற்று மார்பும் உருவிய வாளுமாக வீரகுமாரர்கள். கரகம் தவறி விழுந்தால் அந்த வாள்கள் அவர்மேலேயே பாயும் என்பது மரபுப் பேச்சு.

நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏழெட்டு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை. கடலை மிட்டாய் தின்று தின்று பல்தான் வலித்தது. தூக்கம் சொக்கியபோது திடீரென்று “கோவிந்தா, கோவிந்தா” என்று ஒரு கூச்சல், அடுத்து வாளோடு வாள் உரசும் சத்தம். மேலே மாடிகளிலிருந்து மல்லிகை கொட்டுகிறது. அந்தப் பூமழைக்கு நடுவே மஞ்சள் பூசிய ஒரு முகம், ஓட்டமும் நடையுமாக, எங்களைக் கடந்து போனது. அரை நிமிடம்கூட இருக்காது. நான் பார்த்தது கரகத்தை அல்ல, அந்தக் கண்களை. எதையும் பார்க்காத கண்கள். அப்பா கீழே இறக்கிவிட்டபோது கணுக்கால் வரை மல்லிகை. என் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. வீடு வரை ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்ததுகூட இன்னும் நினைவிருக்கிறது.

அந்த இரவில் கரகம் பேட்டை வீதிகளையெல்லாம் சுற்றிவிட்டு, காட்டன்பேட்டையில் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போகும். அவர் 18-ஆம் நூற்றாண்டுச் சூஃபி. கரகம் ஏன் அங்கே போகிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காரணம் கேட்டுப் பத்திரிகையாளர்கள் வருடா வருடம் வருகிறார்கள். தர்காவில் இருப்பவர்களோ, வீட்டுக்கு வரும் பெண்ணை எதிர்கொள்வதுபோல வாசலில் காத்திருப்பதோடு சரி.

முழு இரவு விழாவுக்கு முன்பே ‘ஹசி கரகா’ என்று ஒன்று நடக்கும். பச்சைக் கரகம் என்று பொருள் சொல்லலாம். அதற்குச் சம்பங்கி ஏரிக்கரைக்குப் போவார்கள். ஏரி என்று சொல்கிறேனே தவிர, அது இருந்த இடத்தில் இப்போது இருப்பது கண்டீரவா விளையாட்டரங்கம். ஓரமாக ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். திகளர்களின் தோட்டங்கள் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்தவை. தோட்டமும் போயிற்று, ஏரியும் போயிற்று; ஆனால் கரகம் மட்டும் வருடந்தோறும் தண்ணீரைத் தேடிக்கொண்டு அதே இடத்துக்குப் போகிறது.

தேதி விஷயத்தில் நம்மவர்கள் குழம்புவார்கள். கரகம் சைத்ர மாதப் பௌர்ணமியில். கன்னடர்களுக்கு மாதக்கணக்கு சந்திரனை வைத்து, நமக்குச் சூரியனை வைத்து. அவர்களுடைய சைத்ரமும் நம்முடைய சித்திரையும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. 2024-இல் கரகம் ஏப்ரல் 23, நம் சித்ரா பௌர்ணமியும் அன்றே. 2025-இல் ஏப்ரல் 12, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். தமிழ் நாட்காட்டியை மட்டும் நம்பினால் கோட்டைவிட்டுவிடுவீர்கள். உகாதியும் இப்படித்தான், நம் வருடப்பிறப்புக்கு முன்னதாகவே வந்துவிடும். அவர்கள் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் கையில் தருவார்கள், நாம் அதையே பச்சடியாக்குகிறோம்.

அடுத்தது கடலைக்காய்ப் பரிசை. பரிசை என்றால் சந்தைத் திருவிழா. பசவனகுடியில் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. இதுவும் சந்திரக் கணக்குதான். நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். ஒரு நாள் விழா என்று பெயர், பல நாட்களுக்கு நீளும். பெரிய நந்தி கோயில் வீதி முழுவதும் வேர்க்கடலை மலை மலையாக. முன்பு இந்தப் பக்கமெல்லாம் கடலைக்காடாக இருந்ததாம். ஒரு காளை இரவில் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். ஆத்திரம் தாங்காமல் ஒரு குடியானவன் தடியால் அடிக்க, காளை அப்படியே கல்லாகிவிட்டது. பிறகு பயந்துபோய்க் கோயில் கட்டி, முதல் விளைச்சலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் காளைதான் உள்ளே எண்ணெய் மினுக்கத்தில் கறுத்து உட்கார்ந்திருக்கிறது: ஒரே கல், சுமார் 15 அடி உயரம், 20 அடி நீளம். கெம்பேகௌடர் காலத்துக் கோயில் என்பார்கள். வேர்க்கடலை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர் என்று தெரிந்த என்னைப் போன்ற வாத்தியாரம்மாக்களுக்குக் கதையின் காலக்கணக்கு கொஞ்சம் இடிக்கும். காளைக்கு இடிக்கவில்லை.

கடலை விற்பவர்களைக் கவனியுங்கள். கோலார், சிந்தாமணி, மாகடிக்காரர்களோடு தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களும் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வறுத்தது, அவித்தது, பச்சை என்று மூன்று குவியல். அளப்பது இன்னும் சேர்ப் படியில்தான். கன்னடத்தில் விலை கேட்டால் கன்னடத்தில் பதில் வரும். பேரம் சூடுபிடித்ததும் அவர் பக்கத்துக் கடைக்காரரிடம், “இந்தம்மா விடாது போலிருக்கு” என்று தமிழில் முணுமுணுப்பார். “ஆமாம், விடமாட்டேன்” என்று நான் தமிழிலேயே சொன்னதும் படிக்கு மேலே ஒரு கை கூடுதலாக விழும். இந்த வியாபாரத்தை நான் நாற்பது வருடமாகச் செய்கிறேன், ஒருமுறைகூடத் தோற்றதில்லை. உங்கள் அம்மாவை முதலில் இங்கே அழைத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கரகத்தைவிட இது உகந்தது. பகலிலேயே பார்க்கலாம், கால் வலித்தால் எங்காவது உட்கார்ந்து கடலை உரிக்கலாம்.

தண்டுப் பக்கம் வருவோம். சிவாஜிநகர் மரியன்னை பேராலயம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். வேளாங்கண்ணிக்குப் போக முடியாதவர்களுக்கு இதுதான் வேளாங்கண்ணி. காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருவார்கள். மாதாவுக்குப் பட்டுச்சேலை, மல்லிகைச் சரம், மெழுகுவர்த்தி. இந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்பதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. கோதிக் பாணிக் கட்டடம் 1882-இல் அபிஷேகம் செய்யப்பட்டது, 1974-இல் பசிலிக்கா ஆனது. ஆனால் தொடக்கம் அதற்கு வெகு முன்பு. செஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் கட்டிய காணிக்கை மாதா சிற்றாலயம்தான் இதன் வேர் என்று சொல்கிறார்கள்.

மறுபடியும் செஞ்சி. திரௌபதியும் அங்கிருந்து, மாதாவும் அங்கிருந்து. ஒரே மண்ணிலிருந்து கிளம்பியவர்களில் ஒரு கூட்டம் பேட்டையில் பூத்தோட்டம் போட்டது, இன்னொரு கூட்டம் தண்டுப் பக்கம் நெல் போட்டது. முன்னவர்கள் விழாவைக் கன்னட விழா என்றும், பின்னவர்கள் விழாவைத் தமிழ் விழா என்றும் இன்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னவுடன் சிலர் மார்தட்டக் கிளம்பிவிடுவார்கள். தொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு, மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஆகவே ஊர் நம்முடையது என்று. அவர்களைப் பேகூருக்கு அனுப்பிவைப்பேன். அங்கே சுமார் 890-ஆம் ஆண்டுக் கன்னட வீரக்கல்லில் ‘பெங்களூரு’ என்ற பெயரே பொறித்திருக்கிறது. இரண்டு மொழிக் கற்களும் இதே ஊரில்தான் இருக்கின்றன. (தொம்லூர் போனால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சொக்கநாதர் என்று பெயர் கேட்டு வில்வம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளே இருப்பவர் பெருமாள்.)

உங்கள் தஞ்சாவூருக்கே ஒரு தொடர்பு உண்டு. மல்லேசுவரத்துக் காடு மல்லேசுவரர் கோயில் வெங்கோஜியின் காலத்தது. தஞ்சையில் மராத்தியர் ஆட்சியைத் தொடங்கிய அதே வெங்கோஜிதான். அங்கே வருவதற்கு முன் அவருக்குப் பெங்களூர்தான் ஊர். சிவராத்திரியன்று போங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ராமநவமியை ஒட்டிச் சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் நடக்கும் கச்சேரி வரிசை. பெரும்பாலான பெரிய தமிழ்நாட்டுக் கலைஞர்கள் அந்தப் பந்தலில் பாடியவர்கள், பானகமும் கோசம்பரியும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு அல்சூர் முருகன் கோயிலில் காவடி. எங்கள் சோமேசுவரருக்குத் தேர் முடிந்ததும் பூப்பல்லக்குகள் இரவெல்லாம் ஊர்வலம் வரும். அன்று தூங்க நினைப்பவர்கள் வேறு பேட்டையில் உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வரமகாலட்சுமி விரதத்துக்கு முன்தினம் கே.ஆர். மார்க்கெட் பக்கமே தலை காட்டாதீர்கள், கனகாம்பரத்தின் விலை கேட்டால் மயக்கம் வரும். விநாயகர் சதுர்த்திக்கு முதல்நாள் கௌரிக்கென்றே ஒரு பண்டிகை. தாய் முன்னால் வந்து உட்கார்ந்தபின்தான் பிள்ளை வருவார். கொலு இங்கே ‘பொம்பெ ஹப்பா’, நம் வீட்டுக் கொலுவேதான். ஆயுதபூசைக்கு மறுநாள் சாலையெல்லாம் உடைந்த பூசணிக்காய், ஸ்கூட்டர்காரர்கள் ஜாக்கிரதை. ஊருக்கு ஊர் மாரியம்மன் உண்டு, இங்கே 1898-இல் கொள்ளைநோய் வந்து போனபின் ‘பிளேக் அம்மா’ என்றே கோயில்கள் எழுந்தன. நோய்க்குப் பயந்து வீடு மாறிய ஊர்க்காரர்கள் அம்மனையும் கையோடு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். லால்பாக் மலர்க் கண்காட்சியைத் திருவிழாக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை, ஆனால் அம்மாவுக்குப் பிடிக்கும்; 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையில், குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கும்.

பொங்கலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அன்று மாலை கவி கங்காதரேசுவரர் குகைக் கோயிலில் சூரியக் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தைத் தொடும். கூட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகு. அதைவிட எனக்கு முக்கியமானது வீட்டு வாசலில் நடப்பது. கன்னட வீடுகளில் அன்று ‘எள்ளு பெல்ல’. வெள்ளை எள், பொடிப்பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, வறுத்த கடலை, பொட்டுக்கடலை. கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவி, அரிசியளவுக்குத் துண்டு போட்டு வெயிலில் காயவைக்கும் வேலை இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். பெண்பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, அதோடு கரும்புத் துண்டும் மர அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மையும் தட்டில் வைத்து வீடு வீடாகப் போவார்கள். கொடுக்கும்போது, “எள்ளு பெல்ல திந்து ஒள்ளெ மாத்தாடி” என்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுங்கள் என்று அர்த்தம்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நாங்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பொங்கல். கோலம் போடலாமா வேண்டாமா என்று அம்மா யோசித்து, கடைசியில் சிறியதாக ஒன்று போட்டாள். பானை பொங்கியபோது வழக்கம்போல் “பொங்கலோ பொங்கல்” என்று கூவவில்லை, முணுமுணுத்தோம். சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாளின் பெண், பத்து வயதிருக்கும், தட்டோடு நிற்கிறாள். அவளுடைய அம்மா தெருவின் அந்தப் பக்கம், எல்லோரும் பார்க்கும்படி நடுவாசலில் நின்றுகொண்டிருந்தார். பெண் அந்த வாசகத்தை ஒப்பித்தாள். என் அம்மாவுக்குக் கன்னடம் அரைகுறை. “ஆகட்டும் கண்ணு” என்று தமிழில் சொல்லி, தட்டை வாங்கிக் காலி செய்து, அதில் சர்க்கரைப் பொங்கலை வழிய வழிய வைத்துக் கொடுத்தாள். சூடு தாங்காமல் அந்தப் பெண் தட்டைப் பாவாடையால் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அடுக்குமாடியிலும் இருபது மாநிலத்துக்காரர்கள் இருப்பார்கள். ஓணத்துக்குப் பூக்கோலம், சத் பூஜைக்குச் சூரிய நமஸ்காரம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அதையும் அம்மா பார்க்கட்டும், நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா எந்த மாதம் வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நவம்பர் என்றால் நீங்கள் இருக்கும் பக்கத்து மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கூட்டம் போகும் வழியே போனால் பரிசை. திங்கட்கிழமை வேண்டாம், முந்தின நாளோ மறுநாளோ காலையில் போங்கள். ஏப்ரல் என்றால், கரகத்தின் இரவுக் கூட்டத்தில் அம்மாவை நிற்கவைக்காதீர்கள். அன்று மாலையே திகளர்பேட்டைக் கோயிலுக்குப் போய்த் தரிசனம் செய்துவிட்டு வந்துவிடலாம். அப்படியும் கரகத்தைப் பார்த்தே தீருவேன் என்று அம்மா சொன்னால், சிக்பேட்டைப் பக்கம் மாடி வீட்டில் யாரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும், எத்தனை மணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.